குவின்ஸ் பழ மெம்பிரியோ இறுகவில்லை, உடனே உதவி தேவை

வைகறை:
அவசரம். நேற்று குவின்ஸ் பழத்தில் (ஆப்பிள், பேரிக்காய் இனத்துப் பழம்) மெம்பிரியோ செய்தேன், துண்டு போடும் அளவுக்கு இறுகும் ஸ்பானிய இனிப்பு அது. சர்க்கரை போட்டுக் கிளறித் தட்டில் ஊற்றி வைத்தேன். காலையில் பார்த்தால் கஞ்சி போலத் தளர்ந்து கிடக்கிறது. நிறமும் வெளிறிய மஞ்சள். கடையில் விற்பது கருஞ்சிவப்பாக இருக்கிறதே! மாலையில் விருந்தினர் வருகிறார்கள். என்ன செய்வது?

நெல்லித்தோப்பு:
எவ்வளவு கூழுக்கு எவ்வளவு சர்க்கரை? எவ்வளவு நேரம் கிளறினீர்கள்? எலுமிச்சை சேர்த்தீர்களா?

பூங்கொடி:
பழம் வெந்த தண்ணீரை வடித்தீர்களா, அதோடு சேர்த்தே அரைத்தீர்களா?

அடுப்படி:
தோலையும் விதையையும் எறிந்திருப்பீர்கள். கூழை இறுகவைக்கும் பெக்டின் அவற்றில்தான் அதிகம். அடுத்த முறை மெல்லிய துணியில் முடிந்து பழத்தோடு வேகவிட்டு, மூட்டையை எடுத்துவிடுங்கள். விதையை அரைத்துவிடாதீர்கள், சயனைடை உண்டாக்கும் பொருள் அதில் உண்டு.

பாகுபதம்:
இதைப் பற்றி இங்கே முன்பே விரிவாக எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. குவின்ஸின் சதையிலேயே பெக்டின் ஏராளம், துணி மூட்டையெல்லாம் தேவையில்லை. காய்ச்சியது போதவில்லை, அவ்வளவுதான். கூழுக்குச் சம எடை சர்க்கரை. 105 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். கரண்டியால் இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிய வேண்டும், அந்தத் தடம் உடனே மூடிக்கொள்ளக் கூடாது. பதம் பார்க்கத் தெரியாதவர்கள் வெப்பமானி வாங்கிக்கொள்ளலாம்.

நெல்லித்தோப்பு:
நிறத்துக்கும் அதுதான் வழி. பழத்தின் துவர்ப்புப் பொருள்களே புளிப்போடு நெடுநேரம் வேகும்போது சிவப்பு நிறமியாக மாறுகின்றன. தயவுசெய்து சாயம் சேர்க்காதீர்கள்.

மாண்டோவி:
கோவாவில் கிறிஸ்துமஸுக்குக் கொய்யாவில் செய்யும் பெராடும் இதே முறைதான், போர்ச்சுக்கீசியர் வழி வந்தது. கொய்யா கிடைக்கும்போது இந்தப் பழத்தோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

பாகுபதம்:
கொய்யாவை இதற்கு ஈடாகச் சொல்லாதீர்கள். குவின்ஸைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு இழுத்துக்கொள்ளும். வெந்த பிறகு வரும் மணமோ வீடு முழுக்க நிறையும். கொய்யாவில் அது வராது.

மாண்டோவி:
மணத்தில் கொய்யாவைக் குறை சொல்பவரை இப்போதுதான் பார்க்கிறேன். பிரேசிலில் குவின்ஸுக்குப் பதிலாகத்தான் கொய்யாவில் கொயபாடா செய்யத் தொடங்கினார்கள். இன்று அந்த நாடே அதைக் கொண்டாடுகிறது.

பூங்கொடி:
கொய்யாவுக்குத் தனி இழை தொடங்குங்கள். வைகறை, கூழை அடிகனமான பாத்திரத்தில் மாற்றிச் சிறு தீயில் மறுபடி ஏற்றுங்கள். கைவிடாமல் கிளறுங்கள், அடிப்பிடித்தால் எல்லாம் வீண். கெட்டியாகும்போது கொதிக்கும் கூழ் மேலே தெறிக்கும். கையில் துணி சுற்றிக்கொண்டு நீளமான மரக்கரண்டியால் கிளறுங்கள்.

வைகறை:
தண்ணீரோடுதான் அரைத்தேன். மறுபடி ஏற்றியதில் தடம் நிற்கிறது, செம்பழுப்பு நிறமும் வந்துவிட்டது. இன்னும் ஆறவில்லை. விருந்தினர் வந்துவிட்டார்கள். அதோடு பரிமாற மான்செகோ பாலாடைக்கட்டி வாங்கி வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

பூங்கொடி:
சூட்டோடு வெட்டாதீர்கள், பிசுபிசுத்துவிடும். இன்றைக்குக் கரண்டியால் எடுத்துப் பரிமாறுங்கள். மீதியை 50 முதல் 60 டிகிரி ஓவனில் சில மணி நேரம் உலர்த்தி, எண்ணெய்த்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.