மறு: 'கண்டெடுத்த காட்சி' வேண்டாம், 'எடுத்தாள்சுருள்' எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். பிறர் எடுத்த பழைய ஃபிலிமைக் கொண்டு புதுப்படம் செய்வதை ஆங்கிலத்தில் 'found footage' என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சுக்கு இது என் மறுமொழி.

> 'செல்லரித்த கண்டெடுபடம்' என்று ஒரே சொல்லாக வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. பழைய சுருளை எடுத்தாள்வது, சுருள் கெட்டுப்போவது, புதியதைப் பழசாகக் காட்டுவது என மூன்று தனித்தனிச் சங்கதிகள் அதில் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன. ஹங்கேரியப் படங்களை வைத்தே சொல்கிறேன்.

திரைப்படக் கலைஞர் பேட்டர் ஃபோர்காச் 1983இல் புடாபெஸ்டில் வீட்டுப்படங்களுக்கும் புகைப்படங்களுக்கும் ஒரு காப்பகம் தொடங்கினார். அவருடைய 'தனியார் ஹங்கேரி' வரிசையில் 1996இல் வந்த படம், செகெட் நகரத்து யூதர் ஜ்யோர்ஜ் பெத்தோ எடுத்த 8 மி.மீ. சுருள்களால் ஆனது. திரையில் வீட்டார் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். யூதர்களுக்கு எதிரான சட்டங்களின் வாசகம் பின்னணியில் பாட்டாக ஒலிக்கும். இசை டிபோர் செம்சோ. சுருள் கிடைத்ததா பெரிது? அதை நிறுத்தி, மெதுவாக்கி, வேறொன்றின் பக்கத்தில் வைத்ததல்லவா பெரிது! உரையாசிரியர்கள் பழம்பாட்டை எடுத்தாள்வதுபோல. ஆகவே 'எடுத்தாள்சுருள்'. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். ('கையாள்சுருள்' என்றும் யோசித்தேன். கையாடல் நினைவுக்கு வந்தது, விட்டுவிட்டேன்.)

அடுத்து 'செல்லரித்த'. ஓலைக்குச் சரி, ஃபிலிமைக் கெடுப்பது கரையான் இல்லை, வேதிமாற்றம். வீட்டுப்பட ஃபிலிம் தீப்பிடிக்கக் கூடாதென்று அசிட்டேட் என்ற ஒருவகை பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டது. அது கெடும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும், டப்பாவைத் திறந்ததும் காடி நெடி மூக்கில் ஏறும். சுருள் சுருங்கி நொறுங்கும். வெளிவந்த அமிலமே கேட்டை இன்னும் விரைவாக்கும். நம்மிடம் 'காடி' என்ற சொல் இருக்கும்போது ஆங்கிலத்து 'vinegar syndrome'ஐ அப்படியே பெயர்த்து 'வினிகர் நோய்க்கூறு' எதற்கு? 'சுருள் காடியேறிவிட்டது' என்றால் போதும். எளிதில் தீப்பிடிக்கும் பழைய நைட்ரேட் ஃபிலிமின் கதை வேறு: பிசுபிசுத்து, கடைசியில் பழுப்புப் பொடியாகும். அதற்கு 'பொடிதல்' போதும்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிட்டோம். ஹங்கேரிய இயக்குநர் காபோர் போடியின் 1975 படம், அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்த ஹங்கேரியர்களைப் பற்றியது. புதிதாக எடுத்ததையே கீறலும் கறையுமாகப் பழசாக்கிக் காட்டினார். அங்கே கண்டெடுக்கவும் எதுவுமில்லை, கெட்டுப்போகவும் எதுவுமில்லை. இதற்கு 'மூப்பேற்றல்' என்பேன். அவர் 'ஃபேன்வாகாஷ்' என்று அழைத்த உத்தி ஹங்கேரிய மொழியிலேயே ஒளி + வெட்டு என்பதால் 'ஒளிவெட்டு' நேராக அமைகிறது. ஆனால் மின்வெட்டுக்குப் பழகிய நம் காதில் அது விளக்கு அணைந்ததாகக் கேட்குமோ என்று தயக்கம். நம் சொற்பட்டியலில் அதற்கு மட்டும் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள்.