கிட்ட இணைப்பு, எட்ட இணைப்பு: ‘ஆழக் கட்டணம்’ என்பதற்கு மாற்றுச் சொல்

அன்பின் குழுமத்தினருக்கு வணக்கம்.

மின் இணைப்புக் கட்டண முறைகளுக்குத் தமிழ்ச் சொல் தேடி, நம் சொற்பட்டியலுக்காகப் பதுளை ஐயா தொடங்கிய இழையில் இதுவரை வந்த ஒன்பது மடல்களையும் வாசித்துவிட்டே எழுதுகிறேன். பெருந்தொழிற்சாலைகளிடம் அறவிடும் மின் இணைப்புக் கட்டணத்தை ஓர் ஆணைக்குழு மீளாய்வு செய்யும்போதெல்லாம் இரண்டு சொற்கள் வந்து நிற்கின்றன. ஆங்கிலத்தில் அவற்றை நீரின் ஆழத்தை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள்: ஒன்று ‘ஷலோ’, மற்றது ‘டீப்’. நாமும் ‘ஆழமற்ற இணைப்புக் கட்டணம்’, ‘ஆழ இணைப்புக் கட்டணம்’ என்று எழுதத் தொடங்கிவிட்டோம். வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல். நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருளைப் பிடித்துக்கொள்வோம். மொழிபெயர்ப்புக்கு வருமுன் நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில் பதினொரு ஆண்டுகள் மின்வேலை செய்தவன். (மலைநாட்டில் ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை, வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்.) கொழுந்து வரத்துக் கூடிய ஒரு பருவத்தில் வாட்டும் தொட்டிகள் போதவில்லை. புதிதாக நான்கு தொட்டிகளும் அவற்றுக்கு மின்விசிறிகளும் கொழுந்தை உருட்டும் இன்னொரு ரோலரும் வைக்க நிர்வாகம் முடிவெடுத்தது. வாட்டுவது இரவு முழுவதும் நடக்கும் வேலை. மாலையில் பரப்பிய கொழுந்தை விடியலில் அள்ளிக் கையில் இறுக்கிப் பிடித்தால் காம்பு ஒடியாமல் பந்துபோல் திரள வேண்டும். அந்தப் பதம் வரும்வரை விசிறிகளை நிறுத்த முடியாது. ஆகவே கூடுதல் வலு வேண்டும் என்று விண்ணப்பித்தோம். சில வாரங்களில் மதிப்பீடு வந்தது.

அந்தத் தாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முதல் நான்கு வரிகள் எங்களுக்கு விளங்கின: 33 கிலோவோல்ட் கம்பி போகும் இடத்திலிருந்து எங்கள் வாசல் வரை இத்தனை தூண்கள், இத்தனை மீற்றர் கம்பி, ஒரு நிலைமாற்றி (ட்ரான்ஸ்போமர்), ஒரு மானி. ஐந்தாவது வரியின் தொகை மற்ற நான்கையும் சேர்த்ததைவிடப் பெரியது. மலைக்கு அப்பால், எங்கள் கண்ணுக்கே தெரியாத ஓரிடத்தில், பழைய கம்பியைக் கழற்றித் தடித்த கம்பி இழுக்கும் செலவு. நாங்கள் கேட்ட கூடுதல் வலுவைப் பழைய கம்பி தாங்காதாம். அதே கம்பியை நம்பி வேறு ஸ்டோர்களும் ஒரு கடைவீதியும் இருந்தன. தடித்த கம்பி வந்தால் நன்மை எல்லோருக்கும். பணம் மட்டும் எங்களிடம். ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் அந்தத் தாளை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். புதிய தொட்டிகள் வர மூன்று பருவங்கள் ஆயின.

நாம் பெயர் தேடும் இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த ஐந்தாவது வரியில் இருக்கிறது. அருகிலுள்ள கம்பியிலிருந்து தன் வாசல் வரைக்கும் ஆகும் செலவை மட்டும் வாடிக்கையாளர் கொடுத்தால் அது ஒரு முறை. அதற்கு அப்பாலும் போய், தன் வருகையால் வலையமைப்பில் செய்ய வேண்டிய மாற்றங்களின் செலவையும் அவரே சுமந்தால் அது மற்ற முறை. முதல் முறையில் ஐந்தாவது வரி இல்லாமல் போய்விடுவதில்லை. எல்லாப் பாவனையாளரின் மாதப் பட்டியலிலும் அது சிறிது சிறிதாகக் கரைந்து சேர்கிறது. இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் நான் இந்தச் சொல்லில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

என்னோடு வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் லிந்துலையில் இருக்கிறார். தமிழ்ப் பத்திரிகையில் மரண அறிவித்தல் வரை ஒரு வரி விடாமல் வாசிப்பவர். போன ஞாயிற்றுக்கிழமை அவரிடம் ‘ஆழ இணைப்புக் கட்டணம்’ என்று எழுதிக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். “எத்தனை அடி ஆழம் தம்பி? இங்கே மூன்றடி தோண்டினால் பாறை வந்துவிடுமே” என்றார். நிலத்துக்கு அடியில் கம்பி புதைப்பதற்கான கட்டணம் என்று எடுத்துக்கொண்டார். அவர்மேல் பிழையே இல்லை. மண்ணும் தூணும் கம்பியுமாகப் பேசும் இடத்தில் ஆழம் என்றால் தமிழ் கீழேதான் பார்க்கும். ஆங்கிலச் சொல்லின் ஆழமோ வலையமைப்புக்குள் பக்கவாட்டில் எவ்வளவு தூரம் போகிறோம் என்பது. அந்தப் பார்வை நம் சொல்லில் இல்லை.

‘ஆழமற்ற’ என்பது இன்னும் மோசம். ஆழமற்ற பேச்சு, ஆழமற்ற ஆய்வு என்று குறை சொல்லத்தான் அதைப் பயன்படுத்துகிறோம். கொழும்புத் தங்கை எழுதிய ‘மேலோட்டக் கட்டணம்’ என்பதற்கும் இதே இடர்தான். சரியாகக் கணக்குப் பார்க்காமல் போட்ட கட்டணம் என்று ஆகிவிடுகிறது. ஹட்டன் டீச்சர் ‘பகுதி இணைப்புக் கட்டணம்’, ‘முழு இணைப்புக் கட்டணம்’ என்றார். எளிமையான சொற்கள்தான். ஆனால் பகுதிக் கட்டணம் என்றதும் தவணை நினைவுக்கு வருகிறது: இப்போது கொஞ்சம், மிச்சம் பிறகு. மிச்சத்தை அதே ஆளிடமே கேட்கப் போகிறார்கள் என்ற எண்ணம் வாசிப்பவருக்கு வந்துவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

பதுளை ஐயாவின் ‘அண்மை இணைப்புக் கட்டணம்’, ‘சேய்மை இணைப்புக் கட்டணம்’ என்பவைதான் என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தன. அண்மைச் சுட்டு, சேய்மைச் சுட்டு என்று எல்லோரும் பள்ளியில் படித்த சொற்கள். திசையும் சரி, ஆழத்தை விட்டுத் தூரத்துக்கு வந்துவிட்டார். ஐயா, உங்கள் பாதையில் நடந்துதான் நான் என் சொல்லுக்கு வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தடை ஒன்றுதான்: பத்திரிகைத் தமிழில் ‘அண்மை’ காலத்துக்குப் போய்விட்டது. அண்மைச் செய்தி, அண்மைக் காலம் என்றே கேட்டுப் பழகிய காதுக்கு அண்மைக் கட்டணம் என்றால் இப்போது புதிதாக மாறிய கட்டணம். கட்டணம் அடிக்கடி மாறும் நம் நாட்டில் அந்த மயக்கத்தைத் தாங்க முடியாது.

சொல் பெரியவரிடமிருந்தே வந்தது. அவருக்கு அந்தப் பழைய மதிப்பீட்டை நினைவூட்டி, ஐந்தாவது வரியை யார் கொடுப்பது என்பதில்தான் இரண்டு முறைகளும் பிரிகின்றன என்று விளக்கினேன். எழுந்து திண்ணைக்கு வந்தார். கீழே ஸ்டோர் கூரையை ஒட்டி நின்ற மின்தூணைக் காட்டி, “கிட்டச் செலவு நம்முடையது” என்றார். பிறகு எதிர்மலையின் தேயிலைக்கு மேலே, கம்பி வானத்தில் கோடாகி மறையும் இடத்துக்குக் கையை நீட்டி, “எட்டச் செலவு யாருடையது? அதுதானே வழக்கு?” என்றார்.

நான் தேடியது அதுதான். கிட்ட, எட்ட. எதுகையோடு பிறந்த இணை. ஒன்றைச் சொன்னால் மற்றது தானாக வாயில் வருகிறது. இரண்டும் நிற்கும் இடத்திலிருந்து அளக்கும் சொற்கள். நிற்பவர் பணம் கொடுப்பவர். தன் பணம் எதுவரை போகிறது என்பது அவருக்குப் பெயரிலேயே தெரிந்துவிடுகிறது.

எழுதப்போகும் மறுப்புகளையும் ஊகிக்கிறேன். ‘கிட்ட’ பேச்சு வழக்கு என்பீர்கள். கிட்டத்தட்ட என்ற சொல் இல்லாத பத்திரிகைப் பக்கம் உண்டா? கிட்டப்பார்வை என்று மருத்துவத்தில் எழுதும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. இன்னொரு மறுப்புக்கு வலு உண்டு: கிட்டுதல் என்றால் கிடைத்தல் என்றும் பொருள். ‘கிட்டக் கட்டணம்’ என்று தனியாக நின்றால் ஏதோ கிடைப்பதற்குக் கொடுக்கும் கட்டணம் என்று ஒருவர் வாசிக்கக்கூடும். அதனால் நடுவில் ‘இணைப்பு’ என்ற சொல்லை விடாமல் எழுதுவோம். ஓர் ஆவணத்தில் முதல்முறை வரும்போது இரண்டையும் சேர்த்தே எழுதுவோம். எட்ட என்பது பக்கத்தில் வந்துவிட்டால் கிட்ட என்பது வேறு எங்கும் போகாது.

சொல் சறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பொருளியலில் ‘டிமாண்ட், சப்ளை’ என்பவற்றை நாம் ‘கேள்வி, நிரம்பல்’ என்று படித்தோம். தமிழ்நாட்டில் ‘தேவை, அளிப்பு’ என்கிறார்கள். பாடப்புத்தகத்துக்குள் ‘கேள்வி’ நன்றாகவே வேலை செய்தது. மின்சாரத்துக்கு வந்தபோதுதான் இடறியது. நம் கட்டண முறையில் 42 கே.வி.ஏ.க்கு (மின்வலுவின் ஓர் அளவு) மேல் ஒப்பந்தம் செய்யும் தொழிற்சாலை அலகுக் கணக்கோடு, மாதத்தில் தான் இழுத்த மிக உயர்ந்த வலுவுக்கும் தனியே பணம் கொடுக்கிறது. எவ்வளவு வரை இழுக்கலாம் என்று இணைப்பின்போதே உடன்படும் அளவை ஒருவர் ‘ஒப்பந்தக் கேள்வி’ என்று மொழிபெயர்த்து எங்கள் ஸ்டோருக்குக் கடிதம் அனுப்பியிருந்தார். இலங்கையில் கேள்விப்பத்திரம் என்றால் டெண்டர். எங்கள் கிளார்க் அதை டெண்டர் கோப்பில் சேர்த்துவிட்டார். மூன்று வாரம் அங்கேயே கிடந்தது. பதில் சொல்லும் தவணை கடந்துவிட்டது. நேர்மையான மனிதர், தமிழ் நன்றாகத் தெரிந்தவர். தெரிந்த தமிழே அவரை அந்தக் கோப்புக்கு அழைத்துப் போனது.

கிட்ட, எட்ட என்பதற்கு இன்னொரு வசதியும் உண்டு. அவற்றை அளக்க முடியும். பிரித்தானியாவில் மின்துறையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்ஜெம் 2022 மே மாதம் எடுத்த முடிவைப் பாருங்கள். அதுவரை விநியோக வலையமைப்பில் சேரும் வாடிக்கையாளர், தான் இணையும் மின்னழுத்தப் படியிலும் அதற்கு மேலே ஒரு படியிலும் செய்ய வேண்டிய வேலைகளில் பங்கு கொடுத்து வந்தார். 2023 ஏப்ரல் 1 முதல், மின்சாரம் வாங்கும் வாடிக்கையாளரிடம் அந்தப் பங்கைக் கேட்பதில்லை. செலவு மிக உயர்ந்து ஒரு வரம்பைத் தாண்டினால்தான் கேட்கிறார்கள். மின்சாரம் பிறப்பிப்பவருக்கு ஒரு படியைக் குறைத்தார்கள், தன் படியை விட்டுவைத்தார்கள். இதைப் பகுதி, முழு என்று வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். எத்தனை பகுதி என்று தொலைந்துபோவோம். நம் சொல்லில் நேராக வருகிறது: மின்சாரம் வாங்குபவருக்கு, ஒரு படி எட்ட இருந்த கட்டணம் கிட்ட வந்தது.

இரண்டில் எது நியாயம் என்பது இந்தக் குழுமத்தின் வேலையன்று. இருந்தாலும் என் மனத்தை மறைக்கவில்லை. கம்பியின் கடைசியில் இருக்கும் மலைநாட்டு ஸ்டோர்களுக்கு எட்ட இணைப்புக் கட்டணம் கழுத்தை நெரிக்கும். முதலில் போய்க் கேட்டவர் முழுச் செலவையும் சுமக்க, பின்னால் வருபவர் சும்மா இணைந்துகொள்கிறார். ஆனால் கிட்ட இணைப்புக் கட்டணம் என்றால் எங்கோ கட்டும் பெரிய ஆலைக்காக இழுக்கும் கம்பியின் விலையில் ஒரு துளி, தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்து அறையின் பட்டியலில் விழும். 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், ஆறு மாதம் கழித்து 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் ஏறியபோது லயங்களில் மாலையில் எத்தனை விளக்குகள் அணைந்திருந்தன என்பதைப் பார்த்தவன் நான். லக்சபான நீர்மின் நிலையம் 1950 இல் ஓடத் தொடங்கியது. தலவாக்கலைக்குப் பக்கத்திலேயே மேல் கொத்மலைத் திட்டம் 2012 இல் 150 மெகாவாட்டோடு வந்தது. நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்த ஆறுகளின் கரையில் இருந்த லயங்களுக்குக் கம்பி பிந்தித்தான் வந்தது. இந்த மக்களுக்கு ஒரு கட்டண மாற்றம் எவருடைய செலவை எவர்மேல் வைக்கிறது என்று கேட்கும் உரிமை மற்றவரைவிடக் கூடுதலாகவே உண்டு.

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கட்டண மாற்றங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்கிறது. எவரும் எழுதலாம், போய்ப் பேசலாம். ஆனால் ‘ஆழம்’ என்று இருந்தால் பெரியவர் பாறையைப் பற்றித்தான் பேசுவார். ‘எட்ட’ என்று இருந்தால் ஐந்தாவது வரியைப் பற்றிப் பேசுவார்.

ஆகவே சொற்பட்டியலுக்கு என் முன்மொழிவு இப்படி:

கிட்ட இணைப்புக் கட்டணம்: அருகிலுள்ள மின்கம்பியிலிருந்து தன் வாசல் வரை, தனக்காக மட்டும் அமைக்கும் இணைப்புக்கு வாடிக்கையாளர் கொடுப்பது. வலையமைப்பின் மற்ற மாற்றங்களின் செலவு எல்லாப் பாவனையாளரிடமும் அறவிடப்படும்.

எட்ட இணைப்புக் கட்டணம்: மேற்சொன்னதோடு, அந்த இணைப்பின் காரணமாக வலையமைப்பில் அப்பால் செய்ய வேண்டிய மாற்றங்களின் செலவையும் வாடிக்கையாளரே கொடுப்பது. எதுவரை என்பதைப் படிக்கணக்கில் குறிக்கலாம்: ஒரு படி எட்ட, இரு படி எட்ட.

விளக்கத்தில் ‘மாற்றங்கள்’ என்று பொதுவாக எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தாங்காத கம்பியையும் நிலைமாற்றியையும் தாங்கும்படி ஆக்கும் வேலைக்கு எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. ‘வலுவூட்டல்’ என்று எழுதிப் பார்த்தேன். நம் நாட்டில் அது பெண்கள் வலுவூட்டல், இளைஞர் வலுவூட்டல் என்று கருத்தரங்குப் பதாகைக்குப் போய்விட்டது. பெரியவர் ‘லைனைத் தேற்றுவது’ என்கிறார். நோயிலிருந்து உடம்பு தேறுவதுபோல. எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ‘தேற்றல்’ என்று பெயராக்கினால் ஆறுதல் சொல்வதுபோல் ஒலிக்கிறது. மட்டக்களப்பு அண்ணா, நீங்கள் கம்பி இழுப்பவர்களோடு தினமும் நிற்பவர். பழைய கம்பியைக் கழற்றித் தடித்ததைப் போடும் நாளில் அவர்கள் அந்த வேலையை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவீர்களா?