மறு: மகளிர் கலைச்சறுக்கு – ‘சுழல்குறை’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். 2025-26 போட்டிப் பருவம் யாருக்கு எப்படி அமையும் என்று ஃபிகர் ஸ்கேட்டிங்கின் மகளிர் ஒற்றையர் பிரிவை அலசும் கட்டுரை ஒன்றுக்காக அக்கா நாலைந்து தமிழ்ச் சொற்கள் கேட்டார். நாம் இன்னும் விளையாட்டின் பெயரிலேயே, ‘பனி’யிலேயே நின்றுகொண்டிருக்கிறோம். அதை முதலில் முடித்துவிட்டு, உண்மையிலேயே சிக்கலான சொல்லுக்குப் போகிறேன்.

> பனிச்சறுக்கு என்றுதானே செய்தித்தாள்கள் எழுதுகின்றன? அதையே வைத்துக்கொண்டால் என்ன?

தம்பி, மலைச்சரிவில் கோல் ஊன்றிப் பாய்கிறார்களே, அந்த ஸ்கீயிங் இந்தச் சொல்லை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. குளிர்கால ஒலிம்பிக் நடக்கும்போது இரண்டும் ஒரே பக்கத்தில் வரும், வாசகர் குழம்பிப்போவார். ஐயா முன்வைத்த ‘உருவச் சறுக்கு’ சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் அந்த உருவங்கள் இப்போது போட்டியிலேயே இல்லை. பனித்தளத்தில் வட்டங்களையும் எட்டுகளையும் காலணியின் அலகால் (பிளேடால்) கீறிக்காட்டும் கட்டாயப் பகுதி 1990-ஓடு பன்னாட்டுப் போட்டிகளிலிருந்து போய்விட்டது. 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபா தங்கம் வென்றது அந்தக் கீறல்களின் பலத்தில்தான். இசைக்கு ஆடும் பகுதியில் அவர் ஏழாவதாக வந்தார். அந்தக் காலத்துக்கு ‘உருவம்’ நியாயமான பெயர். இன்றைய ஆட்டத்துக்கு ‘கலைச்சறுக்கு’ போதும். பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும்கூடக் கலை என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ‘கலைச்சறுக்கு’ பெயர்ச்சொல்லாகத்தான் நிற்கும், ‘சறுக்கினார்’ என்ற வினை நிற்காது. ‘ஜப்பானின் சகமோட்டோ சிறப்பாகச் சறுக்கினார்’ என்று படிப்பவருக்கு ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதுதான் நினைவுக்கு வரும். ‘ஆடினார்’ என்றே எழுதிவிடலாம். அப்புறம் 2 நிமிடம் 40 நொடி ஆடுவதைக் ‘குறு ஆட்டம்’ என்றும், 4 நிமிடம் ஆடுவதை ‘நெடு ஆட்டம்’ என்றும் சொல்வதில் யாருக்கும் தகராறு இருக்காது என்று நினைக்கிறேன்.

இனி முக்கியமானதற்கு வருகிறேன்: தாவலில் காற்றில் சுற்ற வேண்டியதை முழுசாகச் சுற்றி முடிக்காமல் இறங்குவதற்கு என்ன பெயர்?

> அண்டர்ரொட்டேஷன் என்பதற்குக் ‘குறைசுழற்சி’ என்று வைத்துவிடலாம். எளிமையாக இருக்கிறது.

ஐயா, இதில் எனக்கு இரண்டு தடைகள். ‘குறைசுழற்சி’ வினைத்தொகையாக விரியும்: குறைந்த, குறைகின்ற, குறையும் சுழற்சி. வேகம் தளர்ந்துகொண்டே போகும் ஒன்று என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். இரண்டாவது தடை இன்னும் பெரிது. ஆட்டத்தில் தாவல் ஒரு கூறு, நின்ற இடத்திலேயே பம்பரமாய்ச் சுற்றுவது வேறொரு கூறு. பின்னதற்குத்தான் ‘சுழற்சி’ என்ற சொல் நமக்கு வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் மதிப்பெண் தாளை யாராலும் தமிழில் விளக்க முடியாது. ஆகவே தாவலில், காற்றில், எண்ணப்படும் ஒரு முழுத் திருப்பத்துக்குச் ‘சுழல்’. நின்று சுற்றுவதற்குச் ‘சுழற்சி’.

இப்படிப் பிரித்தால் எண்ணுப்பெயர்களும் தானாக வந்துவிடுகின்றன: இருசுழல், முச்சுழல், நாற்சுழல். லட்ஸ் என்ற தாவலை ‘மூன்று சுற்று லட்ஸ்’ என்று எழுதினால் முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்ற போட்டிச் சுற்றுகளோடு மோதும். ஆக்ஸல் என்ற தாவல் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மற்ற தாவல்களெல்லாம் பின்னோக்கிப் போகும்போது எழும்புபவை, ஆக்ஸல் ஒன்றுதான் முன்னோக்கி எழும்புவது. அதனால் அதில் எப்போதும் அரைச் சுழல் கூடுதல். ‘முச்சுழல் ஆக்ஸல்’ உண்மையில் மூன்றரை. முதல் முறை வரும்போது கட்டுரையில் ஒரு வரி சொல்லிவிட்டால் சரியாகிவிடும், பெயரை மாற்ற வேண்டியதில்லை. லட்ஸ், சால்கோ, ஆக்ஸல் மூன்றும் ஆட்களின் பெயர்கள், மொழிபெயர்க்கக் கூடாதவை.

சரி, குறை எங்கே வருகிறது? காற்றில் இருக்கும் நேரம் முக்கால் நொடிகூடக் கிடையாது. அதற்குள் மூன்று சுழல் முடிய வேண்டும். முடிவதற்குள் அலகு பனியைத் தொட்டுவிட்டால், மிச்சத் திருப்பம் தரையிலேயே நடக்கும். அரங்கில் இருப்பவர் கண்ணுக்கு அழகான இறக்கமாகவே தெரியும். மூவர் கொண்ட தொழில்நுட்பக் குழு மறுஒளிபரப்பைப் பார்த்துப் பெரும்பான்மைப்படி முடிவு சொல்லும். அந்த முடிவில்தான் பல பேருடைய பருவமே தொங்குகிறது.

தம்பி ‘இதுக்கெல்லாம் தமிழ்ச்சொல் எதற்கு, ஆங்கிலத்தையே எழுதினால் புரியும்’ என்கிறார். புரியாது என்பதற்கு ஒரு கணக்கு. அண்மைப் பருவங்களின் மதிப்புப் பட்டியலில் முச்சுழல் லட்ஸின் அடிமதிப்பு, அதாவது அந்தத் தாவலுக்கென்று குறித்துவைத்த புள்ளி, 5.90. நடுவர்கள் அதைச் செய்த விதத்துக்கு –5 முதல் +5 வரை செயல்தரம் கொடுப்பார்கள், ஒவ்வொரு படிக்கும் அடிமதிப்பில் பத்தில் ஒரு பங்கு. ஒருவர் முச்சுழலையும் முழுசாகச் சுற்றி முடித்து, கடைசியில் விழுந்துவிடுகிறார் என்று வையுங்கள். செயல்தரம் –5, விழுந்ததற்குத் தனியே ஒரு புள்ளி கழிவு. 5.90-இல் 2.95 போய், இன்னொரு 1 போய், கையில் நிற்பது 1.95. இன்னொருவர் விழவே இல்லை, ஆனால் அரைச் சுழலுக்கு மேல் குறைந்துவிட்டது. அவருடைய தாவல் இருசுழல் லட்ஸாகக் கணக்கிடப்படும், அடிமதிப்பு 2.10. செயல்தரம் –3 என்றால் 1.47. நின்றவரைவிட விழுந்தவருக்கு அதிகம்! தொலைக்காட்சியில் பார்த்த வாசகர் ‘இது என்ன அநியாயம்’ என்பார். அவருக்குப் பதில் சொல்ல ஒரு சொல் வேண்டும், அது வெறுமனே எழுத்துப்பெயர்ப்பாக இருந்தால் பதிலும் அங்கேயே நின்றுவிடும்.

அந்தச் சொல்லாக நான் முன்வைப்பது ‘சுழல்குறை’. சுழலில் உள்ள குறை. வினைத்தொகைக் குழப்பம் இல்லை, ‘சுழல்குறைத் தாவல்’, ‘சுழல்குறையோடு இறங்கினார்’, ‘சுழல்குறை இல்லாத ஆட்டம்’ என்று நீட்டவும் மடக்கவும் வரும். கிளைவிட வேண்டிய சொல்லும் இது. 2010-க்கு முன் கால் சுழலுக்கு மேல் குறைந்த எல்லாமே ஒரே தட்டில் விழுந்தன, ஒரு முழுப் படி இறக்கிவிடுவார்கள். 2010-11 பருவத்தில்தான் நடுவே ஒரு படி வந்தது. பின்னர் இன்னொன்றும் சேர்ந்து, இப்போது தாளில் மூன்று குறிகள். நாளைக்கு நான்காவது வராது என்று யார் சொல்ல முடியும்?

நடுக் குறி, ஒற்றை அம்பு: கால் சுழலுக்கு மேல், அரைச் சுழலுக்குக் கீழ் குறைந்தது. அடிமதிப்பில் 80 விழுக்காடு கிடைக்கும், முச்சுழல் லட்ஸுக்கு 4.72. இதுவே ‘சுழல்குறை’. இரட்டை அம்பு: அரைச் சுழலோ அதற்கு மேலோ குறைந்தது. இதற்குப் ‘படியிறக்கம்’. அக்கா முதல் மடலிலேயே சொன்ன சொல், நான் புதிதாக எதுவும் சேர்க்கவில்லை.

மூன்றாவதுதான் படுத்துகிறது. க்யூ என்ற எழுத்தால் குறிப்பார்கள். சரியாகக் கால் சுழல் குறைந்து, கோட்டின் மேலேயே இறங்கிய தாவல். அடிமதிப்பு அப்படியே இருக்கும், செயல்தரத்தில் மட்டும் அடி விழும்.

> காற்பங்கு குறைவதால் ‘கால்குறை’ என்றால் பொருத்தமாக இருக்குமே.

ஐயா, காலால் ஆடும் விளையாட்டில் ‘இவருக்குக் கால்குறை’ என்று எழுதினால் நாளைக்கு யாராவது வழக்குப் போடுவார்கள். ‘விளிம்புக்குறை’ என்று ஒருவர் எழுதியிருந்தார், ‘விளிம்பு’ என்ற சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது, கீழே வருகிறேன். என் பரிந்துரை ‘எல்லைக்குறை’. இந்தப் பக்கம் சரியான தாவல், அந்தப் பக்கம் சுழல்குறை, இது எல்லைக் கோட்டில் நிற்கிறது.

விளிம்பைப் பற்றி. சறுக்குக் காலணியின் அலகு கத்தி மாதிரி ஒற்றைக் கூர் கொண்டதல்ல. நடுவில் பள்ளம், இரு பக்கமும் இரண்டு விளிம்புகள். உடல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்த விளிம்பு பனியைக் கடிக்கும். லட்ஸ் வெளிவிளிம்பிலிருந்து எழும்ப வேண்டும், ஃபிளிப் என்ற தாவல் உள்விளிம்பிலிருந்து. இரண்டிலும் மற்றக் கால் அலகின் முன்நுனியில் உள்ள பற்கள் பனியில் குத்தி உதவும், இறக்கமும் ஒன்றுபோலத்தான். விளிம்பு மாறினால் தாவலின் பெயரே மாறிவிடும். லட்ஸுக்குப் போகிறவர்கள் எழும்பும் கணத்தில் உள்பக்கம் சாய்ந்துவிடுவது பரவலான பழக்கம், ஏனென்றால் சுழல வேண்டிய திசைக்கு எதிர்வளைவில் போய்க்கொண்டே எழும்புவது உடம்புக்குப் பிடிக்காத வேலை. தெளிவாகத் தவறு என்றால் ஈ குறி போட்டு, அடிமதிப்பையும் வெட்டுவார்கள். சந்தேகம் என்றால் வியப்புக்குறி, அடிமதிப்பு தப்பிக்கும். முன்னதற்கு ‘விளிம்புப்பிழை’, பின்னதற்கு ‘விளிம்பையம்’. இரண்டாவது சொல் வாயில் வரும்போது எனக்கே பிடித்துப்போனது.

‘கூர்’ என்ற மாற்றை நானும் யோசித்தேன். உட்கூர், வெளிக்கூர் என்பவை அழகுதான். ஆனால் வாசகர் இரண்டு கூர் உள்ள ஒரே அலகைக் கற்பனை செய்யக் கஷ்டப்படுவார். விளிம்பு என்றால் உடனே பிடிபடும்.

அடுத்து, எளிதாகத் தோன்றி ஆபத்தான ஒன்று. ‘பருவம்’ என்று தனியாக எங்கும் எழுதாதீர்கள், ‘போட்டிப் பருவம்’ என்றே வரட்டும், குறைந்தது பத்தியின் முதல் வரியிலாவது. இந்த விளையாட்டில் வயது பெரிய விவாதம். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் கமிலா வலியேவாவுக்கு வயது 15. அதே ஆண்டு ஜூனில் பன்னாட்டுச் சறுக்குச் சங்கம் மூத்தோர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 17 ஆக்க முடிவெடுத்து, 2024-25-இலிருந்து அது முழுசாக நடைமுறைக்கு வந்தது. உடல் வளர வளரச் சுழற்றும் கணக்கே மாறிவிடுகிறது. சிறுமியாக இருந்தபோது வந்த தாவல் இரண்டு ஆண்டுகளில் சுழல்குறையோடு இறங்கத் தொடங்கும். இதையெல்லாம் எழுதும் கட்டுரையில் ‘இளம் வீராங்கனைகளின் பருவ வாய்ப்பு’ என்று ஒரு தலைப்பு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதேபோல் உலகப் போட்டிக்கு நாட்டுக்கு எத்தனை பேர் என்பதை ‘இட ஒதுக்கீடு’ என்று போட்டால் வாசகர் வேறு சண்டைக்குக் கிளம்பிவிடுவார். ‘நாட்டிடம்’ என்று வைக்கலாம். ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் மூன்று நாட்டிடங்கள். முந்தைய ஆண்டு அந்நாட்டின் சிறந்த இருவர் பிடித்த இடங்களைக் கூட்டினால் 13-ஐத் தாண்டாமல் இருந்தால் அந்த மூன்றும் கிடைக்கும். ஜப்பான் 2025-இல் இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பிடித்தது, கூட்டினால் 5. அங்கே பிரச்சினை இடம் கிடைப்பதில் இல்லை, அந்த மூன்றுக்கு உள்ளூரில் நடக்கும் அடிதடிதான்.

‘ப்ராஸ்பெக்ட்’ என்பதற்கு ‘வாய்ப்பு’ போதும். ‘எதிர்நோக்குநிலை’ எல்லாம் வேண்டாம் ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன்.

சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க, அக்காவின் கட்டுரைக்காக ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று உலகப் பட்டங்களை வென்ற கவோரி சகமோட்டோவிடம் நாற்சுழலும் இல்லை, முச்சுழல் ஆக்ஸலும் இல்லை. வேகமும், பனித்தளத்தில் பாதியைத் தாண்டிவிடுவாரோ என்று தோன்றும் இருசுழல் ஆக்ஸலுமே அவர் பலம். சுழல்குறை அவரிடம் அரிது. லட்ஸில்தான் விளிம்புக் குறி விழும். 2025-26-தான் தன் கடைசிப் போட்டிப் பருவம் என்று அறிவித்துவிட்டார். 2025 மார்ச்சில் பாஸ்டனில் நடந்த உலகப் போட்டியில் அவரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிய அமெரிக்காவின் அலிசா லியூ, 2019-இல் சிறுமியாக நாற்சுழல் லட்ஸ் ஆடியவர். 16 வயதில் ஓய்வை அறிவித்து, 2024-இல் திரும்பி வந்து, நாற்சுழலே இல்லாமல் பட்டம் வென்றார். 2024 டிசம்பரில் கிராண்ட் பிரீ இறுதிப்போட்டியை வென்ற ஆம்பர் கிளென்னின் கையில் முச்சுழல் ஆக்ஸல் இருக்கிறது. அது முழுசாக இறங்கினால் அடிமதிப்பு 8.00, சுழல்குறையானால் 6.40, படியிறக்கமானால் 3.30. அவருடைய வாய்ப்பை இந்த மூன்று எண்களுக்கு நடுவில்தான் தேட வேண்டும்.”

எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள். ‘எல்லைக்குறை’ இந்தப் பத்தியில் நுழையவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் அக்கா கட்டுரையை அனுப்புவதற்குள் எழுதிவிடுங்கள். ‘சுழல்குறை’, ‘படியிறக்கம்’, ‘விளிம்புப்பிழை’, ‘விளிம்பையம்’ நான்கையும் மறுப்பு வராவிட்டால் குழுவின் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.