கிராஷ் டீம் ரேசிங்கா, மரியோ கார்ட் 64ஆ?

டர்போ_நானா:
நேரா சொல்றேன், குட்டிக் கார் ரேஸ் கேம்னா, பிளேஸ்டேஷன் 1ல வந்த கிராஷ் டீம் ரேசிங்குக்கு (சிடிஆர்) முன்னால நின்டென்டோ 64ல (என்64) வந்த மரியோ கார்ட் 64 நிக்காது. ஸ்லைட், அதாவது வளைவுல வண்டிய சறுக்க விடுறது, அது ஒண்ணே போதும். கன்ட்ரோலர்ல எல்1 பட்டன அமத்திட்டு வளைக்கணும், மீட்டர் சிவந்து புகை கறுக்கிற நேரம் பாத்து ஆர்1 தட்டணும், இப்படி ஒரே வளைவுல மூணு பூஸ்ட் எடுக்கலாம், கொஞ்சம் பிந்தினா எல்லாம் வீண். மரியோல ஸ்டிக்க அங்கயும் இங்கயும் ஆட்டினா மினி டர்போங்கிற சின்ன பூஸ்ட் வரும், அவ்வளவுதான்.

வெள்ளவத்தை_வாசி:
1996ல வந்த மரியோவ 1999ல வந்த சிடிஆரோட ஒப்பிட்டா புதுசுதானே நானா நல்லா இருக்கும், சிடிஆர் செஞ்ச நாட்டி டாக் கம்பனிக்காரன் மரியோவ வடிவா பாத்துத்தானே செஞ்சிருப்பான். என்64ல நாலு போர்ட் இருக்கு, நாலு பேர் கன்ட்ரோலர குத்தினா விளையாட்டு. பிளேஸ்டேஷன்ல ரெண்டுதான், மிச்ச ரெண்டு பேருக்கு மல்டிடாப்னு போர்ட்ட கூட்டுற பெட்டி வேணும். அந்தக் காலத்துல கொழும்புல மல்டிடாப் இருந்த வீடு ஒண்ணு சொல்லுங்க பாப்பம்?

டர்போ_நானா:
என்64 இருந்த வீட்ட நீங்க மொதல்ல சொல்லுங்க 😂 அதுக்கு கேம் வர்ற கேட்ரிஜ் என்ன விலை, யார் வாங்குவாங்க? பிளேஸ்டேஷனுக்கு கொப்பி சிடி ஓடுற சிப் அடிச்சிட்டு, சிடிய பெட்டா சந்தைல எடுத்தோம். அதுல பாதி அமெரிக்கா, ஜப்பான் டீவி முறையான என்டிஎஸ்சி, நம்மட முறையான பால் (PAL) பழைய டீவில கறுப்பு வெள்ளையாத்தான் வரும், அப்பயும் நாங்க விடாம விளையாடினோம்.

தெஹிவளை_தங்கச்சி:
விலைக் கதை வேற, கேம் வேற. எனக்கு சிடிஆர் பிடிக்காத காரணமே நானா புகழ்ற அந்த ஸ்லைட்தான். லீவுக்கு மச்சாள்மார் வந்தா, ஸ்லைட் தெரிஞ்ச ஒருத்தி முன்னுக்கு போயிட்டே இருப்பா, மத்தவங்க ரெண்டாவது ரேஸ்ல கன்ட்ரோலர வெச்சிட்டு எழும்பிருவாங்க. மரியோல கடைசில கிடக்கிறவளுக்கு முதல்ல போறவள தேடி அடிக்கிற நீல ஆமை ஓடு கிடைக்கும், முன்னுக்கு ஓடுறவ ஆட்டம் அங்கயே முடியும். அந்த சிரிப்புக்குத்தான் விளையாடுறது.

டர்போ_நானா:
அதத்தான் நான் அநியாயம்ங்கிறேன் தங்கச்சி. மூணு சுத்தும் வடிவா ஓடினவனுக்கு கடைசி வளைவுல அடியா? தனியா ஓடினாலும் நிம்மதி இல்ல, எவ்வளவு தூரம் விட்டுட்டு போனாலும் கம்பியூட்டர் காரன் ரப்பர் பேண்ட் கட்டின மாதிரி பின்னாலயே வருவான்.

வெள்ளவத்தை_வாசி:
உங்க சிடிஆர்ல வார்ப் ஓர்ப்ங்கிற ஆயுதம் இல்லையா? அதுவும் முதல்ல போறவனத்தானே தேடி வந்து அடிக்குது. அத ஏன் மறைக்கிறீங்க?

டர்போ_நானா:
இருக்கு, மறைக்கல. ஆனா சிடிஆர்ல அடி வாங்கினாலும் உங்களுக்கு செய்ய வேலை இருக்கு. டிஎன்டி வெடிப் பெட்டி தலையில ஏறினா துள்ளித் துள்ளி கழட்டலாம், ஓடுற வழில எடுக்கிற வும்பா பழம் பத்து சேத்தா வேகமும் கூடும் ஆயுதமும் பலமாகும். அதோட தனியாளா விளையாடுற அட்வென்ச்சர் மோட்! ட்ரோஃபி, நேரத்தோட ஓடி எடுக்கிற பரிசான ரெலிக், பாஸ் ரேஸ், கடைசில வில்லன் ஆக்சைட். ரெலிக் எல்லாம் எடுக்காம அவன் ரெண்டாந்தரம் ரேஸுக்கே வரமாட்டான். மரியோ கார்ட் 64ல தனியாள் கப் எல்லாம் முடிச்சிட்டு என்ன செய்வீங்க?

தெஹிவளை_தங்கச்சி:
ஆள் கூப்பிடுவோம், பிளாக் ஃபோர்ட்ங்கிற சண்டை மைதானத்துல ஒருத்தர் பலூன ஒருத்தர் உடைப்போம் 😄 தனியா ரெலிக் பொறுக்க எனக்கு ஏலாது.

டர்போ_நானா:
நாலு பேர் ஓடினா மரியோ கார்ட் 64ல மியூசிக்கே வராது, அதாவது தெரியுமா?

வெள்ளவத்தை_வாசி:
நாலு பேர் கத்துற கத்துல மியூசிக் யாருக்கு நானா கேக்குது?