சூரிச்சில் கார் எடுத்து மிலானில் விடலாமா? ஐடிபி (சர்வதேச ஓட்டுநர் அனுமதி), இன்சூரன்ஸ், இத்தாலி அபராதம் பற்றி விவரம் வேண்டும்

வேளச்சேரிவாசி:
ஜூன் முதல் வாரம் சென்னையிலிருந்து சூரிச் போறோம். நான், மனைவி, 7 வயசுப் பையன், அம்மா, மூணு பெரிய பெட்டி. 12 நாள். சூரிச்ல கார் எடுத்து இன்டர்லாக்கன், கோமோ ஏரி, ஃபிளாரன்ஸ் பாத்துட்டு மிலான்ல விட்டுடலாம்னு திட்டம். லைசன்ஸ் கே.கே.நகர் ஆர்டிஓவுல எடுத்தது. ஐடிபி கட்டாயமா? இன்சூரன்ஸ் எந்த அளவுக்கு எடுக்கணும்? ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டுவேன்.

அண்ணாநகர் மேற்கு:
சுவிஸ்ல நம்ம லைசன்ஸ் போதும். இத்தாலியில ஐடிபி சட்டப்படி தேவை, அதனால எடுத்துடுங்க. அரசோட பரிவாகன் இணையதளத்துல சாரதி பகுதியில விண்ணப்பம். படிவம் 4ஏ, பாஸ்போர்ட், டிக்கெட் நகல், கட்டணம் 1,000 ரூபாய். ஒரு வருஷம் செல்லும், ஆனா லைசன்ஸ் அதுக்கு முன்னாடி முடிஞ்சா ஐடிபியும் முடிஞ்சது. ஐடிபி தனியா செல்லாது. ஒரிஜினல் லைசன்ஸ் கார்டும் கையில இருக்கணும். போன்ல டிஜிலாக்கர் காட்டினா வாடகைக் கார் கவுண்டர்ல சாவி தர மாட்டாங்க.

சூரிச்ல எடுத்து மிலான்ல விடுறதை மட்டும் மாத்துங்க சார். ஒரு நாட்டுல எடுத்து இன்னொரு நாட்டுல விட்டா தனிக் கட்டணம், பல நூறு யூரோ வரைக்கும் போகும். சுவிஸ்ல ரயில்ல சுத்திட்டு மிலான்ல கார் எடுத்து மிலான்லயே விடுங்க. என் ஓட்டு இதுக்குத்தான். அம்மாவுக்கும் இன்டர்லாக்கன் பக்கம் ரயில்தான் சௌகரியம். கார்லயே போகணும்னா சூரிச்சுக்கே திரும்பி வர்ற மாதிரி வட்டமா போடுங்க. சுவிஸ் வாடகைக் கார்ல விக்னெட், அதாவது நெடுஞ்சாலைக் கட்டண வில்லை, ஏற்கெனவே இருக்கும். இத்தாலி கார்ல சுவிஸ் நெடுஞ்சாலையில நுழைஞ்சா 40 ஃபிராங்க் கொடுத்து நீங்கதான் வாங்கணும்; இப்போ ஆன்லைன்லயே இ-விக்னெட் கிடைக்குது.

ஓஎம்ஆர் பயணி:
கவுண்டர்ல ஆளுங்க மாட்டிக்கிறது பெரும்பாலும் கார்டுலதான். முக்கிய டிரைவர் பேர்லயே கிரெடிட் கார்டு இருக்கணும். மனைவி கார்டு, டெபிட் கார்டு, ஃபாரெக்ஸ் கார்டு எல்லாம் பல இடத்துல எடுபடாது. டெபாசிட் தொகையை லிமிட்ல பிடிச்சு வைப்பாங்க, விடுபட வாரக் கணக்குல ஆகலாம். அதனால ஹோட்டல் செலவுக்கு வேற கார்டு வச்சுக்கோங்க. 2020 மார்ச்லேருந்து புது கார்டுல வெளிநாட்டுப் பயன்பாடு தானா திறந்திருக்காது. பேங்க் ஆப்ல போய் திறந்து, லிமிட்டும் ஏத்திட்டுக் கிளம்புங்க. கவுண்டர் மெஷின் "ரூபாயிலா, யூரோவிலா"னு கேட்டா யூரோவைத் தேர்ந்தெடுங்க. ரூபாயை அழுத்தினா அவங்க மாற்று விகிதம்தான், நஷ்டம்.

அடிப்படை இன்சூரன்ஸ்ல ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும் சேதம் உங்க தலையில. அதைச் சைபர் ஆக்குற பேக்கேஜ் எடுத்தாலும் டயர், ரிம், கண்ணாடி, அடிப்பாகம் சேர்ந்திருக்கான்னு வரி வரியா படிங்க. ஏன் ரிம்மைச் சொல்றேன்னா, நம்ம ஊர்ல வலப்பக்கம் உக்காந்து ஓட்டிப் பழகினவங்க அங்க இடப்பக்கம் உக்காருறாங்க. காரோட பெரும்பகுதி இப்போ வலப்பக்கம் நீண்டு கிடக்கு, கண் அதை இன்னும் அளக்கலை. முதல் ரெண்டு நாள்ல வலது சக்கரம் கருங்கல் ஓரத்துல உரசுறது இப்படித்தான். வண்டியை வாங்கும்போது நாலு ரிம்மையும், முன் பம்பரோட கீழ் விளிம்பையும், பெட்ரோல் முள்ளையும் வெளிச்சத்துல வீடியோ எடுங்க. பழைய கீறல் காகிதத்துல குறிக்கப்படலைன்னா, குறிக்கச் சொல்லிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. மனைவியும் ஓட்டுவாங்கன்னா அவங்க பேரையும் ஒப்பந்தத்துல சேர்த்தே ஆகணும். பேர் இல்லாதவர் ஓட்டி இடிச்சா இன்சூரன்ஸ் செல்லாது.

ஐரோப்பாவுல கேட்கலைன்னா கியர் வண்டிதான், முன்பதிவுலயே ஆட்டோமேட்டிக்னு போடுங்க. மூணு பெட்டிக்கு கோல்ஃப் மாதிரி காரோட டிக்கி 380 லிட்டர்தான், பத்தாது. ஆக்டேவியா ஸ்டேஷன் வேகன் 640 லிட்டர். ஆனா நீங்க பதிவு பண்றது கார் வகையை, மாடலை இல்லை. அதனால வேகன் வகையாவே பாருங்க. எஸ்யூவி எடுத்தா இத்தாலி பார்க்கிங்ல திணறுவீங்க.

மயிலை ஸ்டியரிங்:
ஃபிளாரன்ஸ் போறதால இதைக் கவனமா படிங்க. இத்தாலியில பழைய நகர மையங்கள் இசட்.டி.எல், அனுமதி இல்லாத வண்டிக்குத் தடைப் பகுதி. வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, பக்கத்துல கேமரா. மின்பலகையில "வார்கோ அத்தீவோ"ன்னு இருந்தா தடை நடப்புல இருக்கு, போகாதீங்க. பச்சை நிறத்துல "நொன் அத்தீவோ"ன்னா போகலாம். "அத்தீவோ"ங்கிறதைத் திறந்திருக்குன்னு புரிஞ்சுக்கிட்டு நுழையறவங்கதான் அதிகம். ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனி அபராதம், மாசங்கள் கழிச்சு வீட்டுக்கு வரும். உங்க விவரத்தைப் போலீசுக்குக் கொடுத்ததுக்கு வாடகை நிறுவனம் கார்டுல தனியா ஒரு கட்டணமும் எடுக்கும். ஜிபிஎஸ் சில நேரம் உள்ளேயே கூட்டிட்டுப் போகும், நம்பாதீங்க.

பார்க்கிங் கோடு நிறம் எல்லை தாண்டினா மாறிடும். இத்தாலியில வெள்ளை இலவசம், நீலம் காசு, மஞ்சள் ஒதுக்கீடு. சுவிஸ்ல நீலக் கோட்டுக்கு வந்த நேரத்தைக் காட்டுற அட்டைக் கடிகாரம் வைக்கணும், வெள்ளைக்குப் பெரும்பாலும் காசு.

டீசல் விஷயத்துல பெயர் ஏமாத்தும்: இத்தாலியில "கசோலியோ"ன்னா டீசல், "பென்சீனா"ன்னா பெட்ரோல். வட்டத்துக்குள்ள ஈ5, ஈ10ன்னா பெட்ரோல், சதுரத்துக்குள்ள பி7ன்னா டீசல். வண்டியோட டேங்க் மூடிக்குப் பின்னாடியும் அதே அடையாளம் ஒட்டியிருக்கும், பொருத்திப் பாத்துட்டு போடுங்க.

பையன் 150 செ.மீ. உயரம் தொடலைன்னா இத்தாலியில குழந்தை இருக்கை கட்டாயம். சுவிஸ்லயும் 12 வயசு வரை அதே உயரக் கணக்குதான். முன்பதிவுலயே பூஸ்டர் இருக்கை சேர்த்துடுங்க.

வேளச்சேரிவாசி:
ரொம்ப நன்றி. மிலான்ல எடுத்து மிலான்லயே விடறதா மாத்திட்டேன். ஃபிளாரன்ஸ் ஹோட்டல் மையத்துக்குள்ள இருக்கே, அதுக்கு என்ன பண்றது?

மயிலை ஸ்டியரிங்:
ஹோட்டலுக்கு இப்பவே மெயில் போடுங்க. கார் கைக்கு வந்ததும் நம்பரைக் கொடுத்தா, ஹோட்டல்காரங்க அதை இசட்.டி.எல் அனுமதிக்குப் பதிவு பண்ண முடியுமா, வந்த பிறகு எத்தனை மணி நேரத்துக்குள்ள பண்ணணும்னு கேளுங்க. பண்ணிட்டோம்னு எழுத்துல பதில் வாங்கிக்கோங்க. பெட்டியை இறக்கிட்டு வண்டியை வெளியே பார்க்கிங்ல போட்டுட்டு டிராம்ல திரும்புங்க. மிலான்லயும் நகரத்துக்குள்ள ஓட்டாதீங்க. அங்க ஏரியா சி-ன்னு தனிக் கட்டணப் பகுதி இருக்கு. கார் எடுக்கிறதும் விடுறதும் மால்பென்சா ஏர்போர்ட்லயே வச்சுக்கிட்டா அந்தத் தொல்லையே இல்லை.