பார்த்த முகம்தான், எங்கே என்று தெரியவில்லை (அனுபவப் பகிர்வு)

வைகைக்கரை:
போன மாதம் மாட்டுத்தாவணி பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர். பார்த்ததுமே தெரிந்த முகம். யார், எங்கே, ஒன்றும் வரவில்லை. சிரித்தேன். "பாட்டிக்குச் சுகர் இறங்கிச்சா தம்பி?" என்று கேட்டாரே, உடம்பு சில்லிட்டுவிட்டது. இறங்கி நடக்கும்போதுதான் வந்தது: எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர்! 15 வருடமாகக் கவுண்டருக்குப் பின்னால் பார்த்த முகம். எனக்கு 36 வயதுதான். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

நீலாம்பல்:
உங்களுக்குத் தெரிந்த முகம் என்றாவது தோன்றியது. மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு அம்மாவுக்கு அதுவும் இல்லை. வாரம் 3 நாள் வரும் பிசியோதெரபி பெண்ணிடம் ஒவ்வொரு முறையும் "புதுசா வந்திருக்கியாம்மா?" என்பார். ஒருநாள் தோள் பயிற்சி ரொம்ப வலித்துவிட்டது. அடுத்த முறை அந்தப் பெண் உள்ளே வந்ததுமே அம்மா இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். ஏம்மா என்றேன். "குளிருது" என்றார். அது மே மாதம்.

மரப்பாலம்:
நீலாம்பல், இரண்டையும் ஒப்பிடாதீர்கள், பாவம் அவர் பயந்துபோவார். வைகைக்கரை, உங்களுடையது நோயே இல்லை. 1980இல் ஜார்ஜ் மேன்ட்லர் என்ற உளவியலாளர் கிட்டத்தட்ட இதையேதான் உதாரணம் காட்டினார்: பஸ்ஸில் பார்த்த கறிக்கடைக்காரர். "இந்த முகம் தெரியும்" என்ற உணர்வு ஒன்று. எங்கே, எப்போது என்று நினைவுக்கு வருவது வேறொன்று. முதலாவது சட்டென்று வந்துவிடும். இடம் மாறினால் இரண்டாவது திணறும், நல்ல மூளைக்கும்.

அம்மாவுடையது வேறு. ஜெனீவாவில் கிளாபரேட் என்ற மருத்துவர் நினைவிழந்த ஒரு பெண்ணுக்குக் கைகொடுக்கும்போது குண்டூசியை ஒளித்துவைத்துக் குத்தினார், 1911இல் எழுதியிருக்கிறார். பிறகு அந்தப் பெண் கைகொடுக்க மறுத்தார், குத்தியது நினைவில்லாமலே. இப்படித் தங்கும் பாடம் வேறு வழியில் பதிகிறது.

என் மாமாவுக்கு மாரடைப்பில் ஆக்சிஜன் குறைந்து, மூளையில் புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி பாதித்தது. காலையில் காட்டிய போட்டோவை மாலையில் காட்டினால் "பார்த்த மாதிரி இருக்கு" என்பார். யார் காட்டினார்கள் என்றால் விழிப்பார். அதனால் சொல்கிறேன்: "நான் யாரு, சொல்லு பார்ப்போம்" என்று யாரும் அம்மாவைச் சோதிக்கவேண்டாம். வருகிறவர்களே பெயரைச் சொல்லட்டும். பயிற்சியை வலியோடு முடிக்காமல், கடைசி 5 நிமிடம் அவருக்குப் பிடித்ததைச் செய்யச் சொல்லுங்கள். தினமும் ஒரே நாற்காலி, ஒரே நேரம்.

சிறுவாணி:
ஒரு திருத்தம். ஹிப்போகேம்பஸ் போனாலும் அந்த "தெரிந்த" உணர்வு தப்பும் என்பது முடிவான விஷயம் இல்லை. அந்த உணர்வு, எங்கே எப்போது என்ற நினைவு, இரண்டுமே குறையும் என்று நினைவாற்றல் ஆய்வாளர் லாரி ஸ்குவையர் தரப்பு வாதாடியிருக்கிறது. மாமா ஒருவரை வைத்துச் சொல்லிவிட முடியாது.

நீலாம்பல்:
நான் யோசனை கேட்டு எழுதவில்லை. இருந்தாலும் நேற்று அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லிக்கொண்டு வரச் சொன்னேன். "நல்ல பேரும்மா, உட்காரு" என்றார் அம்மா. கை முந்தானைக்குள்தான் இருந்தது.