‘சமன்விற்பனை’யா, ‘ஒப்பூதியப் புள்ளி’யா?

அன்புள்ள கலைச்சொற் குழுவினருக்கு,

வணக்கம். சைதாப்பேட்டையில் நான் நடத்தும் மாலை வகுப்பின் பயிற்சித்தாள் வியாழக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல் கிடைக்காமல் நிற்கிறது. தியாகராய நகர்த் துணிக்கடை ஒன்று மாதம் 18,000 ரூபாய் சம்பளம் தருகிறது. இன்னொன்று 9,000 ரூபாயும் விற்பனையில் 3 விழுக்காடு கமிஷனும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். குறையும் 9,000 ரூபாயைக் கமிஷனால் ஈடுகட்ட 3,00,000 ரூபாய்க்கு விற்கவேண்டும். தீபாவளி மாதத்தில் தாண்டிவிடும் இத்தொகையை அடுத்த மாதத்தில் எட்டுவது கடினம் என்பதால், அதை அறியாமல் எந்த வேலை மேல் என்று முடிவு செய்ய இயலாது. அதற்கு என்ன பெயர்?

இரண்டு வேலைகளின் வருமானத்தையும் கரும்பலகையில் கோடுகளாக வரைந்து, ‘break-even point’ என்பதை அப்படியே பெயர்த்து ‘சமமுறிவுப் புள்ளி’ என்று எழுதினேன். முன்வரிசை மாணவி ஒருத்தி, சம்பளத்தின் கிடைக்கோடும் கமிஷன் வேலையின் சாய்கோடும் வெட்டுமிடத்தில் பென்சில் முனையை ஊன்றி, “இங்கே இரண்டும் சேருகின்றனவே, எது முறிகிறது?” என்றாள், என்னிடம் விடையில்லை. ‘இலாப நட்டமற்ற புள்ளி’ வரவும் செலவும் சமமாகும் தொழிற்கணக்குக்கு உரியது. இங்கே சமமாவன இரண்டு வருமானங்கள். ‘சமநிலை’யைப் பொருளியலின் தேவை, அளிப்புப் பாடம் எடுத்துக்கொண்டது. பட்டினப்பாலையின் ‘ஒப்ப நாடி’யிலிருந்து நம் குழுவின் புலவர் ஐயா முன்மொழிந்த ‘ஒப்பூதியப் புள்ளி’ அழகிய ஆக்கம். எனினும் மாணவர் தேடுவது ஊதியத்தையன்று, விற்பனைத் தொகையை. ஆகவே ‘சமன்விற்பனை’ என்கிறேன்.

---

அம்மையீர்,

‘ஊது’ என்னும் வேரில் பிறந்ததாகச் சொல்லப்படும் ‘ஊதியம்’ பெருகி வருவதைக் குறிக்கும். ‘ஈதல் இசைபட வாழ்தல்’ என்னும் குறளில் அச்சொல்லுக்குச் சம்பளம் என்றா பொருள்? பேறு என்பதே பொருள். எனவே ‘ஒப்பூதியம்’ கடை முதலாளியின் இலாபக் கணக்குக்கும் பணியாளரின் சம்பளக் கணக்குக்கும் ஒருங்கே பொருந்தும். ‘சமன்’ வடசொல், தாங்கள் அதைத் தவிர்க்கவேண்டும். ‘கமிஷன்’ எதற்கு? ‘தரகு’ இருக்கிறதே.

---

ஐயா,

அதே வள்ளுவர் 118ஆம் குறளில் ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ என்கிறார். எனக்கு அந்தத் துலாக்கோல் போதும். தரகர் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையில் நிற்பவர். துணிக்கடைப் பணியாளரோ ஒரே முதலாளியிடம் வேலை செய்பவர். கோயம்பேட்டு மண்டிக்காரர்களே ‘கமிஷன்’ என்னும்போது, நான் ‘தரகு’ என்று எழுதினால் வீடு பார்த்துக் கொடுப்பவர் என்றே மாணவர்கள் கொள்வார்கள். மூவர் இசைந்திருப்பதால், மற்றவர்கள் களைத்துப் பேசாதிருப்பதையும் இசைவாகக் கொண்டு, ‘சமன்விற்பனை’யை அச்சுக்கு அனுப்புகிறேன்.

---

அம்மையீர், அனுப்புங்கள், என் மறுப்பு மட்டும் பதிவில் இருக்கட்டும். ‘தரகு’ குறித்து நாளை தனி மடல் எழுதுகிறேன்.